தி.நகருக்கு அடியில் ஓர் ஏரி... மழை வந்தால் மட்டும் நினைவுக்கு வரும் பழைய மெட்ராஸ்!

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரங்கநாதன் தெருவுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் நடப்பதில்லை. கூட்டமே தள்ளிக்கொண்டு போய்க் கடை வாசலில் விட்டுவிடும். உஸ்மான் ரோட்டில் நகை, பனகல் பார்க் பக்கம் பட்டுப்புடவை, பாண்டி பஜாரில் செருப்பிலிருந்து பாசிமணி வரை எல்லாம் கிடைக்கும். நூறு வருடங்களுக்கு முன்னால் இந்தக் கடைகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்தது ஏரித் தண்ணீர்!

நம்ப முடியாதவர்கள் தெருப் பலகைகளைப் பார்க்கலாம். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. பெயரில்தான் ஏரி, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு பால்கனிதான் தெரியும். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்றே ஒரு குடியிருப்புப் பகுதி உண்டு. 'டேங்க் பண்ட் ரோடு' என்றால் ஏரிக்கரைச் சாலை. ஏரி போய்விட்டது, அதன் விலாசம் மட்டும் தபால்காரரிடம் பத்திரமாக இருக்கிறது.

மவுன்ட் ரோடுதான் கரை

ஆங்கிலேயர்கள் அதை 'லாங் டேங்க்' என்று எழுதினார்கள். அதாவது நீண்ட ஏரி. வடக்கே நுங்கம்பாக்கம் ஏரி, தெற்கே மயிலாப்பூர் ஏரி என்று இரண்டு பெயர்கள் இருந்தாலும், பழைய வரைபடங்களில் இரண்டும் சேர்ந்து வில்லைப் போல வளைந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை போகின்றன. ஏரியின் கிழக்கே மவுன்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை. மேற்கே மாம்பலம் கிராமம்.

ஏரி என்றதும் ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தொண்டை மண்டலத்து ஏரிகளின் கதையே வேறு. இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்காக, கடலைப் பார்த்து மெள்ளச் சரியும். தாழ்ந்த பக்கத்தில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி, ஓடி வரும் மழைநீரைப் பிடித்து வைப்பார்கள். மதகைத் திறந்தால் கரைக்குக் கீழே இருக்கும் வயல்களுக்குத் தண்ணீர் பாயும். நிரம்பி வழிந்தால், கலங்கல் வழியாக மிச்சம் அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போகும். ஐப்பசி, கார்த்திகையில் கடல்போலத் தளும்பும் இடம், சித்திரையில் மாடு மேயும் தரையாக இருக்கும். ஏரி என்பது ஒரு பள்ளம் மட்டுமல்ல. வரத்து, கரை, மதகு, வயல், வடிகால் எல்லாம் சேர்ந்த ஓர் ஏற்பாடு. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மீதிக் கதை புரியும்.

தண்ணீர் தளும்பிய நாள்களில் வெள்ளைக்காரர்களுக்கு இது பொழுதுபோக்கு இடமாகவும் இருந்திருக்கிறது. 1867-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் போட் கிளப் இன்று அடையாற்றங்கரையில் இருக்கிறது. அதன் படகுப் போட்டிகள் ஒரு காலத்தில் நீண்ட ஏரியிலும் நடந்தன.

மாம்பலம் என்ற பெயரும் அன்றைக்குப் பிரபலம். சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க, கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் பணத்தில் 1726-ல் பாலம் கட்டிக் கொடுத்தார். அதன் பெயர் 'மர்மலாங் பாலம்'. ஏதோ பிரெஞ்சுப் பெயர்போல இருக்கிறதே என்றால், இல்லை. ஆங்கிலேயர் வாயில் நுழைந்து வெளியே வந்த மாம்பலம்தான் மர்மலாங்! இப்போது அங்கே இருக்கும் புதிய பாலத்துக்கு மறைமலை அடிகள் பெயர். பரங்கிமலைக்கு ஏறப் படிகள் கட்டிக் கொடுத்தவரும் இதே உஸ்கான்தான்.

கட்சி கட்டிய நகர்

1872 வாக்கில் செங்குன்றம் ஏரித் தண்ணீர் மெட்ராஸ் நகருக்கு வரத் தொடங்கியது. குடிக்க ஊர் ஏரியை நம்ப வேண்டிய அவசியம் குறைந்தது. இந்தப் பக்கம் நகரமும் தெற்கே, மேற்கே என்று விரிந்துகொண்டே வந்தது. கரைக்குக் கீழே இருந்த வயல்களும் தோட்டங்களும் பங்களாக்களாகின. பாய்ச்ச வயல் இல்லாவிட்டால் ஏரி எதற்கு? 'சும்மா கிடக்கும் இடம்' என்று அரசின் கண்ணுக்குப் பட்டுவிட்டது.

அப்போது மெட்ராஸ் மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து மாம்பலத்தில் புதிய குடியிருப்பு உருவாக்க முடிவாகி, 1923-லிருந்து வேலை தொடங்கியது. ஏரியின் நீர் வடிக்கப்பட்டு, நிலம் மனைகளானது.

நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரும், மாநகராட்சித் தலைவராக இருந்தவருமான சர் பிட்டி தியாகராய செட்டி 1925-ல் காலமானார். புதிய நகருக்கு அவர் பெயர். நடுவில் இருக்கும் பூங்காவுக்கு, முதல்வராக இருந்த பனகல் அரசரின் பெயர். நடேசன் பூங்கா, டாக்டர் நாயர் சாலை, உஸ்மான் சாலை, ஜி.என்.செட்டி சாலை என்று தி.நகரில் ஒரு சுற்றுச் சுற்றினால் நீதிக்கட்சியின் வரலாற்றையே நடந்து முடித்துவிடலாம். பாண்டி பஜாருக்கும் பாண்டிச்சேரிக்கும் சம்பந்தமில்லை. அது டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டிய நாடாரின் பெயர். மக்கள் வாயில் தேய்ந்து 'பாண்டி'யாக நின்றுவிட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துத் திட்டமிடல் மோசம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நடுவே பூங்கா, அதிலிருந்து பிரியும் அகலமான சாலைகள், வீட்டைச் சுற்றித் தோட்டம் என்று நகரின் நன்றாகத் திட்டமிட்ட பகுதிகளில் ஒன்றாகத்தான் தி.நகர் பிறந்தது. தோட்டம் இருந்த வரை மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழி இருந்தது. 1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம் ஸ்டேஷன் சுறுசுறுப்பானது. வீடுகள் கடைகளாயின, கடைகள் பல மாடிகளாயின. தோட்டங்கள் சிமென்ட் தரையாயின. ஏரியை மூடியதைவிட, மூடிய பிறகு மண்ணையும் மூடியதுதான் பெரிய வினை.

ஏரியில் கடைசியாக மிஞ்சியிருந்த துண்டுகளில் ஒன்றில் எழுந்ததுதான் வள்ளுவர் கோட்டம். முதல்வர் கருணாநிதி ஆசை ஆசையாகத் திட்டமிட்டது. கணபதி ஸ்தபதியின் கைவண்ணம். திருவாரூர்த் தேரை நினைவூட்டும் கல்தேர், 1,330 குறட்பாக்கள், ஆயிரக்கணக்கானோர் அமரும் அரங்கம். 1976 ஜனவரியில் ஆட்சி கலைக்கப்பட, ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது திறந்து வைத்தபோது கருணாநிதி முதல்வராக இல்லை. அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். தேர் நிற்கும் தரைக்குக் கீழே ஏரிப் படுகை இருப்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

குளம் பிழைத்தது எப்படி?

மயிலாப்பூர் ஏரி மறைந்தது. மயிலாப்பூர் குளம் மட்டும் எப்படித் தப்பித்தது?

கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்துக்கு ஆள் இருந்தது, அதுதான் விஷயம். தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் தெப்பம் விட வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் தெப்பம் எங்கே மிதக்கும்? குளத்துக்கான நிலம் ஆற்காடு நவாப் கொடுத்தது என்றும், அதனால் மொகரம் நாளில் முஸ்லிம்களும் குளத்துக்கு வருகிறார்கள் என்றும் மயிலாப்பூரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். இத்தனை பேருக்குச் சொந்தமான ஒன்றை மனை போட்டு விற்க யாருக்குத் துணிச்சல் வரும்!

ஆனாலும் அதற்கும் கஷ்டகாலம் வந்தது. குளம் வறண்டு, பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடிய வருடங்களை மாடவீதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2003-ல் தமிழகம் முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட காலத்தில், சுற்றியுள்ள தெருக்களின் மழைநீரைக் குளத்துக்குத் திருப்பும் வேலைகளும் நடந்தன. குளத்தில் மீண்டும் தண்ணீர் நின்றது.

ஏரிக்கு அப்படி ஒரு திருவிழா இல்லை. அதை நம்பியிருந்தது வயல் மட்டும்தான். வயல் போனதும் கேட்பதற்கு நாதியில்லை.

தண்ணீர் பழைய வழியில்தான் வரும்

ஏரி போனாலும் அதன் தாழ்வான தடம் அப்படியேதான் இருக்கிறது. அந்தத் தடத்தில் ஓடுவது மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் தொடங்கி, தி.நகருக்குள் புகுந்து, நந்தனம் பக்கம் அடையாற்றில் சேர்கிறது. மழைக்காலத்தில் தி.நகரின் உயிரே இந்தக் கால்வாயில்தான் இருக்கிறது. குறுகலான கால்வாய், நிறைய குப்பை, இரு பக்கமும் கட்டடங்கள்.

2021 நவம்பர் 6-ம் தேதி இரவு தொடங்கி மறுநாள் காலை வரை, நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தி.நகர் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. கால்வாய்ச் சீரமைப்பு வேலையின் இடிபாடுகள் உள்ளேயே கிடந்து நீரை மறித்ததாக அப்போது பெரிய சர்ச்சை கிளம்பியது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் வெள்ளத் தடுப்புக் குழுவை அரசு அமைத்தது. அதன் பிறகு நகரில் புதிய மழைநீர் வடிகால்கள் பல வந்திருக்கின்றன.

வடிகால் மட்டும் போதுமா என்றால், அங்கேதான் சிக்கல். கால்வாய் போய்ச் சேரும் அடையாற்றில் இடம் இருந்தால்தானே தண்ணீர் இறங்கும்? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் பெருமழையும் சேர்ந்து அடையாறு கரை மீறியபோது சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. ஆறு அந்த உயரத்தில் ஓடினால், அதில் சேரும் கால்வாய்கள் பின்வாங்கி நிற்கும். முன்பு அந்த நேரத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்க ஏரி இருந்தது. இப்போது அந்த வேலையைப் பார்ப்பவை அடுக்குமாடிகளின் கீழ்த்தள பார்க்கிங்குகள்.

இதற்கு நேர் எதிரான காட்சியையும் இதே நகரம் பார்த்தது. 2019 கோடையில் குடிநீர் ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நடுவே நான்கு வருடங்கள்கூட முழுதாக இல்லை.

இப்போது பனகல் பார்க்கில் பூமிக்கு அடியில் வேலை நடக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் மெட்ரோ பாதையில் இங்கேயும் ஒரு சுரங்க நிலையம். மேலே வழக்கம்போலப் பூ வியாபாரமும் ஷேர் ஆட்டோவும். அடுத்த மழைக்கு தி.நகர் பக்கம் போக நேர்ந்தால், பஸ் ஸ்டாண்டிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.