பெயர் மாறிய படைவீடு

ஊரின் பெயரும் கட்டடத்தின் பெயரும் வரலாற்றின் சுவடுகளாம். நெய்வேலி நகரியத்தில் வாழ்வோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். இங்குக் குடியிருப்புப் பகுதிகள் 'வட்டம்' என்னும் சொல்லோடு எண்ணைச் சேர்த்தே வழங்கப்பெறுகின்றன. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திற்கும் நகரியத்திற்குமாகச் சிற்றூர்கள் பல தம் நிலத்தை ஈந்து இடம்பெயர்ந்தன. அவற்றுள் நெய்வேலி என்னும் ஓர் ஊரின் பெயரே அனைத்திற்கும் பெயராய் நின்றது. ஏனையவற்றின் பெயர்கள் முதியோர் நினைவில் ஒதுங்கின. ஓரிடத்தில் எவர் பெயர் நிலைக்கின்றது, எவர் பெயர் மறைகின்றது, அதனை முடிவு செய்வோர் யாவர் என்னும் வினாக்கள் ஈண்டு எழுகின்றன. இவற்றை ஆராய்தற்குத் தக்கதொரு சான்று, நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள பழைய படைவீடாகும். 'பாரக்ஸ்' என ஆங்கிலேயரால் வழங்கப்பெற்ற படைஞர் உறைவிடத்தையே யாம் ஈண்டுப் படைவீடு என்கின்றோம்.

அப்படைவீட்டின் கதை நீலகிரியில் தொடங்கவில்லை. நெய்வேலிக்கு அணித்தாகிய கடலூர்க் கடற்கரையிலேயே அதன் வேர் உள்ளது. தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் 1748ஆம் ஆண்டு ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் என்னும் படைத்தலைவர் வந்திறங்கினார். அதுகாறும் கிடங்குகளையும் வாயில்களையும் காத்துநின்ற கம்பெனிக் காவலரை ஒழுங்குமுறை கற்ற படையாக்கும் பணியை அவரே தொடங்கினார். 1758இல் சிப்பாய்கள் பட்டாளங்களாக வகுக்கப்பட்டனர். தமிழரும் தெலுங்கரும் முகம்மதியரும் பிறரும் அப்பட்டாளங்களில் தோளொடு தோள் நின்றனர். இன்றைய மதராஸ் ரெஜிமெண்டு தன் பிறப்பாண்டாக 1758ஐயே கொண்டாடுகின்றது.

இனி, படைவீட்டிற்குப் பெயர் தந்த வீரரைக் காண்போம். 1769இல் அயர்லாந்தில் பிறந்த ஆர்தர் வெல்லெஸ்லி, 1798இல் சென்னைக்கு வந்தார். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர்ச் சீரங்கப்பட்டணத்தின் ஆட்சிப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1803ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், மராட்டிய நாட்டில் அசாயி என்னும் சிற்றூரருகே, சிந்தியா, போன்ஸ்லே ஆகிய இருவரின் பெரும்படையை அவர் எதிர்த்தார். ஆற்றைக் கடக்கத் துறையில்லை என்று வழிகாட்டிகள் கூறினர். இருகரையிலும் எதிரெதிரே இரண்டு ஊர்கள் இருத்தலைக் கண்ட வெல்லெஸ்லி, அவ்வூரார் ஒருவரையொருவர் காணச் செல்லும் துறை ஒன்று இருந்தே தீரும் என்று ஊகித்துப் படையை நடத்தினார்; துறையும் இருந்தது.

ஊகம் தலைவருடையது, ஆற்றில் இறங்கிப் பீரங்கிக் குண்டுகளின் எதிரே நடந்தவர் படைஞர். அன்று அவர் கீழ்ப் பொருத காலாட்படையில் ஆங்கிலப் பட்டாளங்கள் இரண்டே. சென்னைச் சிப்பாய்ப் பட்டாளங்களோ ஐந்து. அப்போரில் வெல்லெஸ்லியின் படையில் இறந்தோரும் புண்பட்டோரும் 1,500க்கு மேற்பட்டனர். வெற்றி பெற்ற பட்டாளங்களுக்கு 'அசாயி' என்னும் சிறப்பும் யானைச் சின்னமும் வழங்கப்பட்டன. அவ்யானையே இன்றும் மதராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் நிற்கின்றது.

வெல்லெஸ்லி பின்னர் ஸ்பெயின் நாட்டுப் போர்களில் வென்று, 1809இல் வெலிங்டன் என்னும் பட்டத்தையும், 1814இல் கோமகன் பதவியையும் பெற்றார். 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவரும், 1828இல் இங்கிலாந்தின் முதலமைச்சரானவரும் அவரே. ஆயின், வெலிங்டன் என்பது அவருடைய இயற்பெயரன்று. அது இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயர், பட்டத்திற்கென எடுத்தாளப்பட்டது.

நீலகிரியில் இப்போது வெலிங்டன் என வழங்கும் இடத்தை ஆங்கிலேயர் முதலில் ஜக்கத்தல்லா என்றே எழுதினர். படகர் வாழும் ஜெகதளா என்னும் ஊரின் பெயரே அவர் நாவில் அவ்வாறு திரிந்தது. சமவெளியின் வெப்பமும் நோயும் ஐரோப்பியப் படைஞரை வாட்டியமையால், அவர்களுக்கெனக் குளிர்ந்த மலைமீது ஒரு பெரிய படைவீடு கட்டத் தீர்மானிக்கப்பட்டது. 1850ஆம் ஆண்டுகளில் நடந்த பணி 1860 அளவில் நிறைவெய்தியது. 1852இல் மறைந்த கோமகனின் பெயர் படைவீட்டிற்கும் அதனைச் சூழ்ந்த இடத்திற்கும் சூட்டப்பட்டது. இவ்வாறு, கடல்கடந்த ஓர் ஊரின் பெயர், ஒரு வீரரின் பட்டமாகி, மலைமேல் மற்றோர் ஊரின் பெயரை மறைத்தது.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. அசாயியில் வெல்லெஸ்லிக்குப் புகழ் தேடித் தந்தோரில் பெரும்பாலோர் சென்னைச் சிப்பாய்கள். அவர் பெயரால் எழுந்த வீடோ அச்சிப்பாய்களின் வழித்தோன்றல்களுக்காகக் கட்டப்பட்டதன்று. அதுவேயுமன்றித் தென்னாட்டார் போருக்கு உரியர் அல்லர் என்னும் பொய்யெண்ணம் ஆட்சியாளரிடையே பரவிற்று. முதல் உலகப்போருக்குப் பின் மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர் மூண்டு ஆள்தேவை மிகுந்தபோதே மதராஸ் ரெஜிமெண்டு மீண்டும் உயிர்பெற்றது. 1947இல் அதன் பயிற்சி நிலையம் வெலிங்டனுக்கு வந்து சேர்ந்தது. அசாயி யானையைச் சின்னமாக உடையோர் அசாயித் தலைவரின் பெயருடைய வீட்டில் அன்றுதான் குடிபுகுந்தனர்.

விடுதலைக்குப் பின் அப்படைவீடு மீண்டும் பெயர் மாறியது. இன்று அது சீனாகேஷ் பாரக்ஸ் என வழங்கப்பெறுகின்றது. ஜெனரல் சத்தியவந்த் மல்லண்ணா சீனாகேஷ் 1903இல் கோலாப்பூரில் பிறந்தவர்; சாண்டுஹர்ஸ்டுப் படைக்கல்லூரியில் பயின்று 1923இல் அதிகாரியானவர். 1948இல் காஷ்மீரப் போரில் படைத்தொகுதியொன்றை நடத்தி, 1955 முதல் 1957 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார். பின்னர் அஸ்ஸாம், ஆந்திரம், மைசூர் ஆகிய மாநிலங்களின் ஆளுநராகி, 1977இல் மறைந்தார். வெல்லெஸ்லி வாளால் வென்றோர் சார்பில் காத்த மைசூர் நாட்டிற்கு, மக்களாட்சியின் சட்டப்படி ஆளுநராய்ச் சென்றவர் சீனாகேஷ். இருவரும் படைத்தலைவரே; எனினும் எவர் பொருட்டுப் படை நடத்தினர் என்பதில் இருவருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. கட்டடத்தின் பெயர்மாற்றம் அவ்வேறுபாட்டையே உணர்த்துகின்றது.

ஆயினும், ஒரு தலைவரின் பெயரை நீக்கி மற்றொரு தலைவரின் பெயரை வைப்பதோடு கடன் தீர்ந்ததாகுமோ? நம் முன்னோர் போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் சிறப்பையும் அதிற் பொறித்தனர். தொல்காப்பியம் அக்கல்நடு முறையைப் புறத்திணையுள் வகுத்துரைக்கின்றது. நடுகல் பெற்றோர் எல்லாரும் வேந்தர் அல்லர். ஆநிரை மீட்டு மாண்ட எளிய மறவரும் அவருள் உளர். அசாயி ஆற்றங்கரையில் வீழ்ந்த சிப்பாய்களுள் எத்துணைப் பேரின் பெயரை நாம் அறிவோம்? அவர்க்கு எஞ்சியது யானைச் சின்னம் ஒன்றே.

திருமறையில், யாக்கோபு தான் கனவு கண்ட இடத்திற்குப் பெத்தேல் எனப் பெயரிட்டான். அதற்கு முன் அவ்வூருக்கு லூஸ் என்னும் பெயர் இருந்ததென்பதையும் திருமறை மறவாது குறிக்கின்றது. புதுப்பெயர் புனிதமானதே, ஆயினும் பழம்பெயர் அழிக்கப்படவில்லை. பெயரிடுவோர்க்கு இஃதொரு நல்ல நெறியாகும்.

ஜெகதளா இன்றும் பேரூராட்சியாய் நிலவுகின்றது. ஆதலின் அதன் பெயர் முற்றும் அழிந்திலது. நெய்வேலிச் சுரங்கத்தினுள் மறைந்த ஊர்களுக்கோ அவ்வாறு நிற்க நிலமும் இல்லை. அவற்றின் பெயர்களை ஏட்டிலேனும் கல்லிலேனும் பொறிக்க வேண்டுவது நம்மனோர் கடமை. அவ்வூர்களிற் பிறந்து வளர்ந்த முதியோர் இன்னும் நம்மிடையே உளர். மாணவராகிய நாம் அவர்பாற் சென்று கேட்டு, ஊர்ப்பெயர், ஏரிப்பெயர், தெருப்பெயர் யாவற்றையும் எழுதிவைப்போமாக. எண்ணிட்ட வட்டங்களின் முகப்பில் அப்பழம்பெயர்களும் ஒருநாள் இடம்பெறுமாயின், நிலமீந்தோர்க்கு நாம் நட்ட நடுகல் அதுவேயாம்.