ஒரே மீன், இரண்டு ஏரி



விடியற்காலையில் நண்பனோடு கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிற சுகம், போட்டவங்களுக்குத்தான் தெரியும். இந்தக் கோடை லீவில் ஒருநாள் நானும் என் நண்பனும் எங்கள் ஊர்க் கண்மாய்க்குப் போனோம். என் கையில் மண்புழு டப்பா. அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. எட்டிப் பார்த்தால், அவன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருந்த ‘டேங்க் கிளீனர்’ மீன்!

“ஒரு சாண் தாண்டி வளந்துட்டுடா. தொட்டி பத்தல. பாவம், கண்மாய்ல விட்டா நல்லா இருக்கும்ல?” என்றான்.

எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஆனாலும், “இருடா, அறிவியல் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு விடுவோம்” என்றேன். சார் வீடு பக்கத்துத் தெருதான். வாளியைப் பார்த்ததும் சார் திட்டவில்லை. உட்காரச் சொல்லி ஒரு கதை சொன்னார். அதுவும் இரண்டு நண்பர்கள் மீன் பிடிக்கப் போன கதைதான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாஸ் என்றொரு மீன்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஏரிகளிலும் ஆறுகளிலும் இருக்கும் நன்னீர் மீன் பாஸ். அதில் ஒரு வகைக்கு வாய் மிகப் பெரிது. மூடினால் வாயின் ஓரம் கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும்! அதனால் அதற்குப் ‘பெருவாய் பாஸ்’ என்று பெயர்.

நம்ம ஊர் விரால் தெரியுமல்லவா? அதுக்கும் இதுக்கும் சொந்தம் கிடையாது, ஆனால் குணம் கொஞ்சம் ஒத்துப்போகும். பாஸ் இரையைத் துரத்தி அலையாது. தண்ணீர்ச் செடிக்குள்ளோ, விழுந்து கிடக்கும் மரத்தடியிலோ ஒளிந்து காத்திருக்கும். இரை பக்கத்தில் வந்ததும் ‘டபக்’கென்று வாயைத் திறக்கும். தண்ணீரோடு சேர்ந்து இரையும் உள்ளே போய்விடும். தண்ணீரில் ஏற்படும் சின்ன அதிர்வைக்கூட உடம்பின் பக்கவாட்டில் உள்ள உணர்வுக் கோட்டால் தெரிந்துகொள்ளும். அதனால்தான் மரத்தில் செய்த பொய் மீனை இழுத்தாலும் ஏமாந்து கவ்வுகிறது.

கோடையில் ஏன் விடியற்காலையில் போகணும்? வெயில் ஏற ஏற மேல் தண்ணீர் சூடாகிவிடும். அப்போது பாஸ் ஆழத்துக்கோ நிழலுக்கோ போய்விடும். காலையில் தண்ணீர் குளிர்ச்சி, வெளிச்சமும் குறைவு. ஒளிந்து வேட்டையாடும் மீனுக்கு அதுதான் வசதியான நேரம்.

1932, ஜூன் 2

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம். நாடே வேலையில்லாமல் திண்டாடிய பொருளாதாரப் பெருமந்தக் காலம். ஜார்ஜ் பெர்ரி என்ற 20 வயது விவசாயி. அப்பா இல்லை, குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பு அவர் தலையில். அன்றைக்கு மழை. வயலில் இறங்க முடியாது. அதனால் ஜாக் பேஜ் என்ற நண்பரோடு மான்ட்கோமரி ஏரிக்குப் போனார். கையில் செய்த படகு. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பொய் மீன்தான் இருந்தது, மாற்றி மாற்றி வீசினார்கள் என்று சொல்வார்கள்.

பெர்ரி வீசியபோது தண்ணீர் சிதறியது. இழுத்தால் அசையவில்லை. தூண்டில் அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது என்றே நினைத்தாராம். பிறகுதான் அது நகர்ந்தது! கரைக்குக் கொண்டுவந்து, ஹெலினா என்ற ஊரில் தராசில் போட்டார்கள். 22 பவுண்டு 4 அவுன்ஸ். நம் கணக்கில் 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. உலக சாதனை!

ஒரு பத்திரிகைப் போட்டிக்கு எழுதிப் போட்டார். 75 டாலர் மதிப்புள்ள பொருட்கள் பரிசாகக் கிடைத்தன. மீன் என்ன ஆச்சு? வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். வேறு என்ன செய்வது, பசிக்கிற வீடு அல்லவா! அந்த வீட்டுக்கு அந்த மீன் ஒரு வரம்.

அதே எடை, வேறு ஏரி

அந்தச் சாதனையை 77 வருஷம் யாராலும் எட்ட முடியவில்லை. 2009 ஜூலை 2-ல் மனாபு குரிதா என்பவர் அதே இன மீனைப் பிடித்தார். எடை 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். பெர்ரியின் மீனைவிட ஒரு அவுன்ஸ்கூட முழுசாக அதிகம் இல்லை. முந்தைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் இருவருக்கும் சாதனை சமம் என்று 2010-ல் அறிவித்தார்கள்.

ஆனால் அவர் பிடித்த இடம் அமெரிக்கா இல்லை, ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவா! அமெரிக்க மீன் அங்கே எப்படிப் போச்சு?

1925-ல் ஜப்பானில் வேறொரு ஏரியில், சாப்பாட்டுக்கும் தூண்டில் விளையாட்டுக்கும் ஆகும் என்று நல்லெண்ணத்தோடுதான் பாஸை விட்டார்கள். அது பிறகு பல ஏரிகளுக்குப் பரவியது. 1974-ல் பிவாவிலும் தென்பட்டது. பிவா பல லட்சம் ஆண்டுகள் பழமையான ஏரி. உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் அங்கே உண்டு. ஜார்ஜியாவில் பாஸைத் தின்ன முதலையும் நாரையும் இருக்கின்றன. சின்ன மீன்களுக்கும் அதனிடம் தப்பிக்கத் தெரியும். பிவா மீன்களுக்கு இப்படி ஒளிந்திருந்து விழுங்கும் எதிரி புதிது. குஞ்சுகள் ஏராளமாக இரையாகின. ஆனால் பாஸின் குஞ்சுகளையோ அப்பா மீன் கூட்டிலேயே காவல் காக்கும். அப்புறம் பெருகாமல் என்ன செய்யும்?

2003 முதல் பிவாவில் பாஸைப் பிடித்தால் திரும்ப ஏரியில் விடக்கூடாது. பிடித்ததைப் போட கரையோரம் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. புளூகில் என்ற அமெரிக்க மீனை, 1960-ல் அமெரிக்கா போன ஜப்பான் இளவரசர் அகிஹிதோவுக்கு சிகாகோ மேயர் பரிசாகக் கொடுத்தார். உணவுக்கு வளர்க்கலாம் என்று கொண்டுவந்த அதுவும் பிவாவில் பெருகிவிட்டது. பேரரசரான பின் 2007-ல் அவரே, அதை நினைத்தால் மனம் வலிக்கிறது என்ற பொருள்பட மேடையில் பேசினார். குரிதா தூண்டிலில் கோத்த இரையும் அந்தப் புளூகில்தான்!

பார்த்தீர்களா? ஒரே இனம், ஏறத்தாழ ஒரே எடை. ஒரு ஏரியில் வரம், இன்னொன்றில் தொல்லை. மீன் மேல் தப்பு இல்லை. அது அது பாட்டுக்குத் தின்று வாழ்கிறது. கொண்டுபோய் விட்ட கை நம்முடையது.

எங்கள் வாளி

கதையைக் கேட்டுவிட்டு என் நண்பன் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். டேங்க் கிளீனர் தென் அமெரிக்க மீன். கண்மாயில் விட்டால் கரையைக் குடைந்து முட்டையிடும். உடம்பெல்லாம் கவசம், முள். மீனவர் வலையைக் கிழிக்கும். தமிழ்நாட்டு ஏரிகள் சிலவற்றில் ஏற்கெனவே புகுந்துவிட்டது.

“நல்லதுன்னு நெனச்சுத்தான் சார் விட வந்தேன்” என்றான்.

“அவங்களும் நல்லதுன்னு நெனச்சுத்தான் விட்டாங்க” என்றார் சார்.

இப்போது அந்த மீன் அவன் வீட்டுக் கொல்லையில் பழைய சிமெண்ட் தொட்டியில் இருக்கிறது. தண்ணி மாற்றுவது வாரத்துக்கு ஒருவர், முறை வைத்து. உங்கள் வீட்டில் வளர்க்க முடியாத மீன் இருந்தால் கண்மாயிலோ கிணற்றிலோ விடாதீர்கள். வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள், தொட்டியில் இன்னும் இடம் இருக்கிறது!



— 9-ம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு