ஊர் வேட்கை தீர்த்த தலைவர்

மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த நகரம் தூத்துக்குடி. முத்துக் குளித்தலும் உப்பு விளைத்தலும் கப்பல் வாணிகமும் அதற்குச் செல்வம் சேர்த்தன. எனினும், அந்நகர மக்களை நெடுங்காலம் வாட்டிய குறை ஒன்று உண்டு. அது குடிநீர்க் குறை. கடலோர நிலமாதலின் கிணற்று நீர் உவர்த்தது. தாமிரபரணி ஆறோ நகரைத் தொடாது தெற்கே விலகிச் சென்று, புன்னைக்காயல் அருகே கடலொடு கலக்கின்றது.

இக்குறையைத் தம் குறையாகக் கொண்டவர் இராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து (1869-1930). பரதவர் குடியில் பிறந்த அவர், தூத்துக்குடி நகராட்சிக்கு ஐந்து முறை தலைவரானார். சாலை, விளக்கு, துப்புரவு என நகராட்சிக்குக் கடமைகள் பல, வருவாயோ அளவுடையது. ஆதலின், எதனை முதற்கண் செய்வது எனத் தேர்தலே தலைவர்க்குரிய பெரும் பொறுப்பாகும். குரூஸ் பர்னாந்து குடிநீரையே முதன்மையாகக் கொண்டார்.

மேற்கே இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வல்லநாட்டில் ஆற்றுநீரை எடுத்து, குழாய் வழியே நகருக்குக் கொணர்வது அவர்தம் திட்டம். பெரும்பொருளும் அரசின் இசைவும் வேண்டிய அப்பணி ஓராண்டில் முடிவதன்று. ஆயினும் அவர் சோர்ந்தாரல்லர். 1920களில் அத்திட்டம் நிறைவேறியது.

கடல் தந்த முத்து, செல்வர் சிலர் கழுத்தை அணி செய்தது. ஆறு தந்த நீரோ, செல்வர் வறியர் என்னும் வேறுபாடின்றி அனைவர் நாவையும் நனைத்தது. நகரில் நிறுவப்பட்ட அவருடைய சிலை இன்றும் அந்நன்றியை உணர்த்தி நிற்கின்றது. ஊரார் வேட்கையை அறிந்து, அது தீருமளவும் உழைப்பவரே ஊர்த் தலைவராவார்.