தொலைந்ததைத் தேடி – 9: மலைப்பாதையில் ஒரு லேப்டாப்

போன வாரம் போனுக்குரிய ஐஎம்இஐ நம்பரைப் பார்த்தோம். தொலைந்த போனை முடக்கும் சஞ்சார் சாத்தி தளம் 2023 மே மாதம் நாடெங்கும் வந்ததையும், திருப்பதி மாவட்டப் போலீஸார் 'மொபைல் ஹண்ட்' என்ற பெயரில் வாட்ஸ்அப்பிலேயே புகார் வாங்குவதையும் சொல்லியாயிற்று. இந்த வாரம் விண்டோஸ் என்றும் சொல்லியிருந்தேன். அதற்குள் வேலூர் வாசகர் ஒருவரின் கேள்வி வந்துவிட்டது.

"பையில லேப்டாப் இருக்கு சார். அலிபிரியில லக்கேஜ் கவுன்ட்டர்ல குடுத்துட்டு நடந்துதான் திருமலை ஏறப் போறோம். காணாமப் போனா லேப்டாப்புக்கும் அந்த நம்பர் உண்டா?"

இல்லை. சிம் போட வழியில்லாத லேப்டாப்புக்கு ஐஎம்இஐ கிடையாது. பெரும்பாலானவற்றில் ஜிபிஎஸ்ஸும் கிடையாது. கோவிந்தா சொல்லியபடி நாம் 3,550 படிகளை ஏறி முடிப்பதற்குள் பை வண்டியில் மேலே போய்விடும். மூடிய பைக்குள், இன்டர்நெட் இல்லாமல் உறங்கும் லேப்டாப் எங்கே இருக்கிறது என்று யார் சொல்வது?

அதன் பக்கமாகப் போகிற யாரோ ஒருவரின் போன் சொல்லும், அவருக்கே தெரியாமல்.

ஆப்பிள் 2019 ஜூனில் அறிவித்த ஏற்பாடு இது. மூடிக் கிடக்கும் மேக்புக், புளூடூத்தில் சின்னதாக ஓர் அறிவிப்பை விட்டு விட்டு ஒலிபரப்பும். அருகில் வரும் ஐபோன் அதைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தை அந்த அறிவிப்பில் வந்த சாவியாலேயே பூட்டி ஆப்பிளுக்கு அனுப்பிவிடும். பூட்டும் சாவி எவர் காதிலும் விழலாம். திறக்கும் சாவியோ உரிமையாளரின் கருவிகளில் மட்டும்தான். ஆப்பிளாலும் திறக்க முடியாது.

இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்துக்கொண்டது அந்தச் சாவியின் நீளம்தான். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த ஏற்பாட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். சாவி 28 பைட். புளூடூத் அறிவிப்பில் இருக்கும் இடமே 31 பைட். 'இது இன்ன கம்பெனியின் செய்தி' என்று சொல்லவே அதில் 4 போய்விடும். மிச்சம் 27. ஒரு பைட் இடிக்கிறது!

என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு அறிவிப்போடும் அனுப்பும் கருவியின் முகவரி என்று 6 பைட் தனியாகப் போகும். சாவியின் முதல் 6 பைட்டையே அந்த முகவரியாக்கிவிட்டார்கள். அதிலும் ஒரு சிக்கல். இந்த வகை முகவரியின் முதல் 2 பிட் '11' என்றுதான் இருக்க வேண்டும் என்பது புளூடூத் விதி. ஆகவே சாவியின் அந்த 2 பிட்டை மட்டும் கழற்றி அறிவிப்புக்குள் ஓர் ஓரத்தில் செருகினார்கள். கேட்கும் போன் எல்லாவற்றையும் ஒட்டி முழுச் சாவியாக்கிக்கொள்ளும். சாவி 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும்; கூடவே முகவரியும் மாறும். அந்நியர் யாரும் அதை வைத்து நம்மைப் பின்தொடர முடியாது. இடப் பற்றாக்குறையை இவ்வளவு அழகாகச் சமாளித்த வேலையை நான் சமீபத்தில் பார்த்ததில்லை.

ஆக, லேப்டாப்புக்குக் கூட்டம்தான் துணை. திருமலையில் அதற்குப் பஞ்சமில்லை. கோயிலுக்குள் போன் கூடாது என்பதால் தரிசன வரிசையில் மட்டும் கேட்பதற்கு ஆளில்லை. ஆனால் நம் பை அங்கே வருவதில்லையே.

இன்னொரு வசதியும் இருக்கிறது. 1944இல் முதல் மலைப்பாதை திறக்கும் வரை மேலே போக நடையும் டோலியும்தான். 1974இல் இரண்டாவது பாதை வந்தது. இப்போது பழையது இறங்க, புதியது ஏற. வரைபடத்தில் புள்ளி எந்தப் பாதையில் விழுகிறது என்று பார்த்தாலே பை ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்! இறங்குகிறது என்றால் நீங்களே துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். திருமலை போலீஸ் நிலையத்தில் திரையைக் காட்டுங்கள்.

வேலூர்க்காரரிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப்பாம். 2015 நவம்பர் அப்டேட்டில் மைக்ரோசாஃப்டும் தேடும் வசதி தந்தது. ஆனால் அதற்கு இந்தக் கூட்டத்தின் துணை கிடையாது; லேப்டாப் விழித்திருந்து இன்டர்நெட்டிலும் இருக்க வேண்டும். ஜிபிஎஸ் இல்லாமல், சுற்றியுள்ள வைஃபைகளை வைத்தே அது தன் இடத்தை எப்படிக் கணிக்கிறது என்பது பெரிய கதை. 2003இல் பாஸ்டனில் தொடங்கிய ஸ்கைஹுக் கம்பெனியிலிருந்து சொல்ல வேண்டும். அடுத்த வாரம்.

அதற்குள் மலைக்குப் புறப்படுகிறவர்கள், மேக் ஆனாலும் விண்டோஸ் ஆனாலும், செட்டிங்ஸில் அந்த வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். தொலைந்த பிறகு ஆன் செய்ய முடியாது.

(தொடரும்)