தண்ணிக்கும் உசுரு வேணும் பாஸ்!

ஒரு சின்ன கேள்வி. புதுசா ஒரு மீன் தொட்டி வாங்குறீங்க. கண்ணாடியைப் பளபளன்னு துடைச்சு, கல்லை அலசிப் போட்டு, தண்ணியை ரொப்பி, லைட்டும் போட்டாச்சு. அடுத்து என்ன?

'மீனை விட வேண்டியதுதான்!' என்பது உங்கள் பதிலா? அப்படின்னா வாங்க, என் பக்கத்துல உட்காருங்க. இதே பதிலைச் சொல்லி, ஒரே வாரத்தில் ஆறு கோல்டு ஃபிஷ்ஷைக் கொன்ற கொலைகாரன் நான்.

போன வருஷம் தங்கச்சியின் பிறந்த நாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 'கிஃப்ட் என்னடி வேணும்?' என்றதற்கு 'மீன்' என்றாள். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தானே? நண்பனை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிட்டேன். இரண்டடி தொட்டி ஒன்று வாங்கிவிட்டு, மீன் கடைக்குள் நுழைந்தேன். 'தொட்டியில எத்தனை நாளா தண்ணி ஓடுது தம்பி?' என்று கேட்டார் கடைக்கார அண்ணன். 'ஒரு மாசமா ஓடுதுண்ணே' என்று கூசாமல் புளுகினேன். வாசலில், தொட்டியை மடியில் வைத்தபடி என் நண்பன் பைக்கில் உட்கார்ந்திருந்தான்!

முதல் இரண்டு நாள் வீடே கலகலன்னு இருந்தது. ஆறு மீனுக்கும் பெயர் வைத்தாள் தங்கச்சி. நாலாம் நாள் தண்ணீர் லேசாகப் பால் மாதிரி கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. 'அழுக்கு சேர்ந்துடுச்சு போல' என்று மொத்தத் தண்ணீரையும் கொட்டினேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துக் கசக்கிக் கழுவினேன். அஞ்சாம் நாள் காலையில் ஒன்று மிதந்தது. ஏழாம் நாள் ராத்திரி தொட்டி காலி.

இதில் கொடுமை என்ன தெரியுமா? நான் படிப்பது சிவில் இன்ஜினீயரிங். கழிவு நீர் சுத்திகரிப்பு பேப்பருக்கு, 'நைட்ரிஃபிகேஷனை படத்துடன் விளக்குக' என்ற பதிமூணு மார்க் கேள்வியை அதே வாரம் உருப்போட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து!

தங்கச்சி அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். 'தண்ணி சுத்தமாத்தானேண்ணா இருந்துச்சு?'

அதுதான் பிரச்னையே!

கண்ணுக்குத் தெரியாத வில்லன்

மீன் சாப்பிடும், கழிவு போடும், செவுள் வழியாகவும் கழிவை வெளியேற்றும். இதிலிருந்து வருவதுதான் அம்மோனியா. மிச்சம் கிடக்கும் தீனி அழுகினாலும் அதே அம்மோனியாதான். ஆற்றில், குளத்தில் அது கரைந்து போகும். ஐம்பத்தைந்து லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் எங்கே போகும்? செவுளைத்தான் அரிக்கும். மீன் மேலே வந்து வாய் பிளந்தது விளையாட்டுக்கு இல்லை பாஸ், மூச்சு முட்டி!

தண்ணீரின் பி.ஹெச். 7-லிருந்து 8-க்குப் போனால், விஷமான வடிவத்தில் இருக்கும் அம்மோனியாவின் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடும். அதே மீன், அதே தீனி... ஆனால், ஆபத்து மட்டும் பல மடங்கு.

இந்த வில்லனை விழுங்க இயற்கையிலேயே ஹீரோக்கள் இருக்கிறார்கள். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவைச் சாப்பிட்டு நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க விடாமல் செய்துவிடும். அதை இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அந்த அளவுக்கு மோசமில்லை. வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றினாலே கட்டுக்குள் இருக்கும். 2015-ல் வந்த இன்னொரு செய்தி இன்னும் சூப்பர். இந்த இரண்டு வேலையையும் தனி ஆளாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா பாக்டீரியாவை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம், மீன் வளர்ப்புத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஃபில்டர்!

சரி, இவங்க எல்லாம் எங்கே குடியிருக்காங்க? பெரும்பாலும் தண்ணீரில் இல்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு இருக்கிறார்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் நான் கசக்கிக் கழுவியது, அப்போதுதான் குடிவந்த அந்தக் கொஞ்சநஞ்சம் பேரையும்தான்.

இவங்க ரொம்ப ஸ்லோ. வசதியான சூழலில் ஈ.கோலை பாக்டீரியா இருபது நிமிஷத்தில் இரண்டாகப் பெருகும். நம்ம ஆளுக்கு அதற்கே பல மணி நேரம் வேண்டும். அதனால்தான் ஒரு புதுத் தொட்டி தயாராக நாலிலிருந்து ஆறு வாரம் வரை ஆகிறது. இந்தக் காத்திருப்புக்குத்தான் 'சைக்ளிங்' என்று பெயர்.

மீன் இல்லாத மீன் தொட்டி

இரண்டாவது ரவுண்டை தங்கச்சியே கையில் எடுத்தாள். 'நீ தொடாதே' என்று எனக்குக் கண்டிஷன்! நாங்கள் செய்தது இதுதான். நீங்களும் செய்யலாம்.

* குழாய்த் தண்ணீரில் ஆன்ட்டி-குளோரின் சொட்டு விட்டு, தொட்டியை நிரப்புங்கள். ஃபில்டரும் ஏர் பம்ப்பும் ராத்திரி பகலாக ஓடட்டும்.

* மீன் இல்லாவிட்டாலும் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும். பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு.

* நண்பர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். காயவிடாமல், அதே தொட்டித் தண்ணீரோடு எடுத்து வந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். காத்திருக்கும் நாள் நன்றாகக் குறையும்.

* சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் பார்க்க வேண்டும். முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறும். கடைசியில் அதுவும் இறங்கி, நைட்ரேட் மட்டும் நிற்கும்.

* தீனி போட்டுக்கொண்டே இருந்தும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து சில நாள் பூஜ்யம் காட்டினால், தொட்டி ரெடி. பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம். அதுவும் ஒரே நாளில் கும்பலாக வேண்டாம். முதலில் மூணு, நாலு. அடுத்த பேட்ச் இரண்டு வாரம் கழித்து.

'ஐயோ, நான் ஏற்கெனவே மீனை விட்டுட்டேனே!' என்கிறீர்களா? இன்னும் லேட் ஆகலை. தீனியைப் பாதியாகக் குறையுங்கள். தினமும் டெஸ்ட் பண்ணி, அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் கால்வாசியிலிருந்து பாதி வரை தண்ணீரை மாற்றுங்கள். ஊற்றும் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாக அலசுங்கள், குழாயடி பக்கமே போகாதீர்கள்.

கரன்ட் கட்டானால்? பாக்டீரியாவுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கள்.

முப்பத்து நாலாம் நாள்

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். 'என்னடா, வெறும் தண்ணிக்கு தீனி போடுறீங்க?' என்றார் பெரியப்பா. எனக்கே பத்து நாளில் பொறுமை போய்விட்டது. 'ரெண்டு கப்பியாவது விட்டுப் பார்க்கலாமே' என்றேன். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு நோட்டைத் திறந்து, முதல் பக்கத்தைக் காட்டினாள். அந்த ஆறு பெயர்கள்.

அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, நோட்டில் எழுதுவாள். முப்பத்து நாலாம் நாள், அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். தொடர்ந்து மூணாவது நாளாக! அந்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்கு அவளும் வந்தாள். இரண்டடி தொட்டியில் கோல்டு ஃபிஷ் வேண்டாம், அது பெரிதாக வளரும், கழிவும் ஜாஸ்தி என்று கப்பியைக் காட்டினாள்.

அதே கடை. அதே அண்ணன். அதே கேள்வி.

'முப்பத்தேழு நாளா ஓடுதுண்ணே' என்று நோட்டை நீட்டினாள் தங்கச்சி. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க... அந்தப் பதிமூணு மார்க் கேள்விக்கு நான் வாங்கின பதினொரு மார்க்கை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது!

நாலு கப்பி வாங்கினோம். எட்டு மாசமாகிறது. இப்போ எத்தனைன்னு எண்ண முடியலை.