இசைப்பெட்டிகளின் ஒலித்திறம்: உறுமியும் ழகரமும்

கையில் எடுத்துச் செல்லும் இசைப்பெட்டிகளுள் சிறந்தது எது என்று வினவினால், விலையையும் வணிகப் பெயரையும் விடையாகக் கூறுவோரே பலர். ஒலித்திறம் என்பது விலையும் அன்று. உரத்து ஒலித்தலும் அன்று. மூலவொலியில் உள்ளதைக் கூட்டாமலும் குறைக்காமலும் செவிக்குத் தருதலே ஒலித்திறம் எனப்படும். கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் முதலிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் வாழும் தமிழர்க்கு இதனை அறிய உரைகற்கள் இரண்டு உள. ஒன்று, கோயில் திருவிழாக்களில் முழங்கும் உறுமி. மற்றொன்று, தமிழின் ழகரம்.

மனிதச் செவி நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளை உணரவல்லது. உறுமியின் இழுத்து முனகும் ஓசை இவ்வெல்லையின் கீழ்ப்பகுதியைச் சார்ந்தது. நாநுனி வளைந்து மேலண்ணத்தைத் தடவும் நிலையில் ழகரம் பிறப்பதைத் தொல்காப்பியப் பிறப்பியல் விளக்குகிறது. அதனை லகரத்தினின்று பிரித்துக் காட்டும் ஒலிக்கூறு, ஏறத்தாழ 2,000 முதல் 3,000 அதிர்வு வரையுள்ள பகுதியில் அமைகிறது. ‘பசி’ என்னும் சொல்லின் சகரத்திலுள்ள சீறலோ 4,000 அதிர்வுக்கும் மேலே செல்வது. ஆகவே, ஒரு பெட்டி எப்பகுதியை விடுகின்றதோ அப்பகுதிக்குரிய ஒலி மங்கும்.

இவ்வளவுகோலைக் கொண்டு காலமுறைப்படி கருவிகளை ஒப்பிடலாம். மின்வசதி எட்டாத இடங்களிலும் பாடவல்லது, சாவி முடுக்கும் கைப்பெட்டிக் கிராமபோன். 1925-க்கு முன் ஊதுகுழல்வழிப் பதிந்த இசைத்தட்டுகள் ஏறத்தாழ 250 முதல் 2,500 அதிர்வு வரையே தாங்கின. அவற்றில் பாடகரின் குரல் நின்றது. தாளக்கருவியின் அடியொலி மறைந்தது. 1925-இல் மின்முறைப் பதிவு வந்தபின் மேலெல்லை ஏறத்தாழ 5,000 வரை உயர்ந்தது. 1954-இல் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. சிற்றலை, மத்திய அலை ஒலிபரப்புகள் 5,000 அதிர்வுக்கு மேல் பெரும்பாலும் தருவதில்லை. அப்பெட்டியின் சிறிய ஒலிபெருக்கியோ தாழ்ந்த ஒலிகளைத் தள்ளுவதில்லை. எனவே அதில் ழகரம் பிழைத்தது, சகரம் மழுங்கியது, உறுமி மெலிந்தது. பண்பலை ஒலிபரப்பு 15,000 வரை எட்டியபோது சகரம் மீண்டது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் ஒலிநாடாப் பேழையை வெளியிட்டது; சோனி நிறுவனம் 1979-இல் வாக்மேனை வெளியிட்டது. நாடா நொடிக்கு 4.76 செ.மீ. மட்டுமே நகர்வதால் பின்னணியில் இரைச்சல் எழும்; வார்ப்பட்டை தேய்ந்தால் சுருதி அலையும். 1982-இல் வந்த குறுந்தட்டு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்கியது. நாடா இரைச்சல் அதில் இல்லை. அடுத்து வந்த எம்பி3 முறை, உரத்த ஒலியின் மறைவில் செவி உணராதனவற்றை நீக்கிக் கோப்பைச் சுருக்குவது. 128 கிலோபிட் அளவில் அது குறுந்தட்டின் 11-இல் ஒரு பங்கே. மேலும் சுருக்கினால் முதலில் கெடுவன சகரச் சீறலும் தாளத்தின் கூர்மையுமே. இன்றைய கைப்பேசியின் உள்ளே நல்ல ஒலி இருப்பினும், அதன் சிறு ஒலிபெருக்கி உறுமியின் அடியொலியைத் தருவதில்லை. மேற்கிளை ஒலிகளைக் கொண்டு செவிதான் அதனை ஊகித்துக்கொள்கிறது. நல்ல காதணி ஒலிப்பானை இணைத்தால் உறுமி திரும்பி வரும்.

ஒப்பீட்டில் நேர்மை வேண்டும். இரு பெட்டிகளுள் சிறிதே உரத்து ஒலிப்பது செவிக்குச் சிறந்ததாகத் தோன்றும். ஆகலின் முதலில் இரண்டின் உரப்பையும் சமமாக்குதல் வேண்டும். மெல்லொலியில் செவிக்குத் தாழ்ந்த அதிர்வுகள் குறைவாகவே புலப்படும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் ஆகியோர் 1933-இல் நிறுவினர். ஒரே பாடலை ஒரே காதணியில், எந்தப் பெட்டி பாடுகிறது என்று அறியாத ஒருவர் கேட்டுக் கூறுவதே முறை. தகரக் கூரையில் மழை பெய்யும் வேளை ஒப்பீட்டுக்கு ஆகாது. மெல்லிய வேறுபாடுகளை மழையோசை விழுங்கிவிடும்.

இவ்வாய்வு பொழுதுபோக்கிற்கு மட்டும் உரியதன்று. பல தோட்டங்கள் செம்பனைக் காடாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகளில் பாடப்பெற்ற தாலாட்டும் ஒப்பாரியும் பாடியவரோடு மறைகின்றன. அவற்றுள் ஒன்று ஒரு பழைய நாடாவில் எஞ்சியிருக்குமாயின், கெடாவின் ஈரக்காற்றில் அதன்மீது பூஞ்சணம் படரும் முன் படியெடுத்தல் வேண்டும். இயக்கும் கருவியின் காந்தமுனை சரிந்திருந்தால் சகரம் மங்கும். அதனைத் திருகாணியால் நேராக்கியபின், சுருக்காத கோப்பாகப் பதிதல் நன்று. 1 மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் போதும். வகுப்பறைக்கு வேண்டிய சுருக்கப்படியை அதிலிருந்து எப்போதும் எடுக்கலாம்; சுருக்கத்தில் இழந்ததை மீட்க வழியில்லை. ழகரத்தைத் திருத்தமாக ஒலித்த ஒரு பாட்டியின் குரலை மாணவர் கேட்டுப் பழகுவதும் பழகாமற்போவதும், படியெடுக்கும் நாளில் கொள்ளும் கவனத்தைப் பொறுத்தனவாகும்.