சுவரை உடைத்த பின் பேசப்படும் விலை

புதிய வீடு கட்டும்போது வேலையின் அளவு பெரும்பாலும் வரைபடத்திலேயே தெரிந்துவிடுகிறது. குடியிருக்கும் பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போதோ, பூச்சைக் கொத்தியெடுத்து, தரையைப் பெயர்த்து, குழாய்களைத் திறந்து பார்க்கும்வரை உண்மையான அளவு வீட்டுக்காரருக்கும் தெரிவதில்லை, மேஸ்திரிக்கும் தெரிவதில்லை. மாம்பலம், மயிலாப்பூர், அடையாறு போன்ற சென்னையின் பழைய குடியிருப்புகளில் தனி வீடுகளைப் புதுப்பித்தவர்கள், கான்ட்ராக்டர் சொன்ன தொகை ஒன்று, கடைசியில் வாங்கிய தொகை வேறொன்று என்று குறைபட்டுக்கொள்வது வழக்கம். இந்தக் குறையை நேர்மையின்மை என்ற ஒரே காரணத்தில் அடக்கிவிட முடியாது. உடைப்பதற்கு முன் பேசிய விலைக்கும் உடைத்த பின் வெளிப்பட்ட வேலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை யார் ஏற்பது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளாததே இத்தகைய பூசல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேராக இருக்கிறது.

மூன்று வகை ஏற்பாடுகள்

தமிழ்நாட்டில் வீடு புதுப்பிக்கும் வேலைகள் பொதுவாக மூன்று முறைகளில் விடப்படுகின்றன. முதலாவது நாள் கூலி: கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்றன்றைக்குரிய சம்பளத்தை வீட்டுக்காரரே கொடுத்து, பொருளையும் அவரே வாங்கித் தருவது; இதில் வேலை இழுத்துக்கொண்டே போனால் செலவு முழுவதும் வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. இரண்டாவது லேபர் கான்ட்ராக்ட்: பொருள் வீட்டுக்காரருடையது, வேலைக்கு மட்டும் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது, இதில் வேலை வேகமாக முடிந்தாலும், பொருளை மிச்சப்படுத்த வேண்டிய அவசியம் மேஸ்திரிக்கு இல்லாததால் சிமெண்டும் டைல்ஸும் வீணாவது அதிகம். மூன்றாவது, பொருளும் கூலியும் சேர்த்து விடும் முழு கான்ட்ராக்ட்; வீட்டுக்காரருக்கு அலைச்சல் இதில் மிகக் குறைவு என்றாலும், குழாய், வயர், சிமெண்ட், பெயிண்ட் ஆகியவற்றின் நிறுவனமும் தரமும் எஸ்டிமேட்டில் குறிக்கப்படாவிட்டால், மலிவான பொருளே வீட்டுக்குள் வந்து சேரும் வாய்ப்பும் இதில்தான் மிகுதி.

‘எக்ஸ்ட்ரா’ பிறக்கும் இடம்

பழைய மொட்டை மாடிகளில் காங்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியும் அதன் மேல் தட்டோடும் பதிக்கப்பட்டிருக்கும். ஒழுக்கை அடைப்பதற்காகத் தட்டோட்டை மட்டும் மாற்றிவிடலாம் என்று பேசி வேலையைத் தொடங்கி, சுருக்கியைப் பெயர்த்த பிறகு, அடியிலுள்ள கம்பி துருப்பிடித்து உப்பி, மேலே மூடியிருந்த காங்கிரீட்டைப் பிளந்திருப்பது தெரியவரலாம். உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல். குளியலறையில் டைல்ஸை மட்டும் மாற்றத் தொடங்கும் வேலையும், சுவருக்குள் அரித்துப்போன பழைய இரும்புக் குழாய்களைக் கண்டவுடன், அவற்றை நீக்கி சிபிவிசி குழாய் பதிக்கும் வேலையாக வளர்ந்துவிடுகிறது. இப்படி இடையில் முளைப்பதையே மேஸ்திரிகள் ‘எக்ஸ்ட்ரா’ என்கிறார்கள். பாதி உடைத்த வீட்டில் வேறு ஆளைத் தேடிப் போக முடியாத நிலையில் வீட்டுக்காரர் இதற்கு விலை பேசுவதால், பேரம் பேசும் வலிமை அவரிடம் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. எனவே குளியலறையிலும் மாடியிலும் ஓரிரு இடங்களை மட்டும் முதலில் திறந்து பார்த்துவிட்டு எஸ்டிமேட் கேட்பதும், எதிர்பாராத வேலைக்கான விலை விகிதங்களை முன்பே எழுதி வாங்கிக்கொள்வதும் இந்த நெருக்கடியைப் பெருமளவு தவிர்க்கும்.

ஒரு சுவர், மூன்று கணக்குகள்

விலை ஒத்துப்போன இடத்திலும் அளவு ஒத்துப்போகாமல் இருப்பது உண்டு. 12 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள ஒரு சுவரின் இரு பக்கமும் பூசப்படுவதாகவும், அதில் 4 அடிக்கு 4 அடி அளவில் ஒரு ஜன்னல் இருப்பதாகவும் கொள்ளலாம். ஜன்னலைக் கழிக்காத மேஸ்திரியின் கணக்கில் பூச்சு 240 சதுர அடி. இரு பக்கமும் கழிக்கும் வீட்டுக்காரர் கணக்கில் 208 சதுர அடி. கட்டட வேலைகளை அளப்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ள ஐ.எஸ். 1200 விதித் தொகுதியின்படி, 0.5 சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புகளைக் கழிப்பதில்லை. இந்த ஜன்னலைப் போல, அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளை ஒரு பக்கத்துக்கு மட்டும் கழித்து, ஜன்னலின் பக்கவாட்டுப் பூச்சுக்குத் தனியாகக் கூலி சேர்க்காமல் விடுவதால், இச்சுவரின் அளவு 224 சதுர அடி ஆகிறது. மூன்று கணக்குகளில் எது செல்லும் என்பதை ஒரே வரியில் முன்பே எழுதிக்கொண்டால், கடைசி பில்லின்போது டேப்பைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டியதில்லை. ஸ்கர்டிங், அதாவது தரையை ஒட்டிச் சுவரில் ஓடும் டைல்ஸ் பட்டை, சதுர அடியில் சேருமா ஓட்ட அடியில் தனியாக அளக்கப்படுமா என்பதும், சொன்ன தொகையில் ஜி.எஸ்.டி. அடங்குமா என்பதும் இவ்வாறே தெளிவுபடுத்த வேண்டியவை.

பணமும் சோதனையும்

கட்டட வேலையில் சனிக்கிழமை பட்டுவாடா நாள் என்பதால், வேலை எவ்வளவு நடந்திருந்தாலும் அன்று பணம் கேட்டு மேஸ்திரி நிற்பார். கொடுத்த தொகை முடிந்த வேலையைத் தாண்டிவிட்டால், ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவதும் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பாமல் இருப்பதும் வீட்டுக்காரர்கள் அடிக்கடி சொல்லும் அனுபவங்கள். தேதியைப் பார்த்துக் கொடுக்காமல், உடைப்பு, குழாய் மற்றும் வயரிங், பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் என ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் கொடுப்பதே இதற்குரிய காப்பு. கட்டம் முடிந்ததா என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானித்துவிட இயலாது: குளியலறைத் தரையில் டைல்ஸ் பதிக்கும் முன் தண்ணீரைத் தேக்கி, ஒன்றிரண்டு நாள் கழித்துக் கீழ்த்தளக் கூரையில் ஈரம் படர்கிறதா என்று பார்க்க வேண்டும்; பதித்த டைல்ஸைத் தட்டினால் வெற்றொலி கேட்கும் இடத்தில் அடியில் கலவை நிரம்பவில்லை என்று பொருள். க்யூரிங், அதாவது புதிய காங்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்திருப்பது, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் போன்றவை கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாளும் வேண்டும் என்று காங்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 தர விதி கூறுகிறது; ஆனால் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்று சொல்லப்படாத வீடுகளில் அதை யாரும் செய்வதில்லை. மாடி வேலைக்கு உண்மையான சோதனை ஐப்பசி, கார்த்திகை மழையே என்பதால், கடைசித் தொகையில் ஒரு சிறு பங்கை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே ஒப்புக்கொள்வது பொருத்தமானது.

சட்டம் எங்கே நிற்கிறது

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், விற்பனையோ விளம்பரமோ புதிய ஒதுக்கீடோ இல்லாத பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு வேலைகளுக்குப் பதிவு தேவையில்லை என்று விலக்களிப்பதால், சொந்த வீட்டைப் புதுப்பிப்பவருக்கு அச்சட்டம் பெரிதாக உதவுவதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ வீட்டுக் கட்டுமானத்தைச் ‘சேவை’ என்ற வரையறைக்குள் வெளிப்படையாகச் சேர்க்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, குறை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆயினும் எஜமானர் சொற்படி பணியாள் செய்யும் வேலையை அச்சட்டம் சேவையாகக் கருதாததால், நாள் கூலிக்கு ஆள் வைத்து, தாமே நின்று வேலை வாங்கியவருக்கு இந்த வழி எளிதில் திறப்பதில்லை. கான்ட்ராக்ட் விட்டவரிடமும் எஸ்டிமேட்டும் வங்கி வழிக் கட்டணச் சான்றும் இல்லாவிட்டால், குறை உண்மையாக இருந்தாலும் அதை மெய்ப்பிப்பது கடினம்.

எழுத்து ஒப்பந்தம் வீட்டுக்காரரை மட்டும் காப்பது என்று நினைப்பதும் தவறு. டைல்ஸின் நிறத்தை மூன்றாம் முறை மாற்றும் வீட்டுக்காரரும், சமையல் மேடையைக் கட்டி முடித்தபின் இடம் மாற்றச் சொல்பவரும், ஒரு சிறு கீறலைக் காட்டிக் கடைசித் தொகையை மாதக்கணக்கில் இழுத்தடிப்பவரும் உண்டு. அதற்குள் தம் ஆட்களுக்குக் கைக்காசிலிருந்து கூலி கொடுத்துவிட்ட சிறு மேஸ்திரியிடம் கேட்டு வாங்க எந்த ஆதாரமும் இருப்பதில்லை. வேலை, அளவு, பொருள், கட்டம், காலம் ஆகிய ஐந்தும் இரு தரப்பும் கையெழுத்திட்ட இரண்டு பக்கத் தாளில் இருந்தால், சுவரை உடைத்த பின் வெளிப்படும் வேலை அப்போதும் கூடுதல் செலவாகவே இருக்கும். ஆனால் அதன் விலையை, உடைப்பதற்கு முன் இரு தரப்பும் சமநிலையில் இருந்தபோதே தீர்மானித்திருப்பார்கள்.